மரத்துக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு?

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிய பலருக்கும் அடுத்த ஆசை மரத்தின் மேல் வருகிறது. சுவிட்ச் தேர்ந்தெடுத்தாயிற்று, கீகேப் மாற்றியாயிற்று, ஸ்பேஸ் பார் கடகடக்காமல் இருக்க ஸ்டெபிலைசருக்குக் கிரீஸும் தடவியாயிற்று. இனி உள்ளங்கையைத் தாங்க கீபோர்டுக்கு முன்னால் ஒரு மரக்கட்டை இருந்தால் நன்றாயிருக்கும் என்று தேடினால், ஒன்றரைச் சாண் நீளக் கட்டைக்கு இரண்டாயிரம், நாலாயிரம் என்று விலை சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டறையிலிருந்து வரவழைத்தால் கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து இன்னொரு கீபோர்டின் விலையே ஆகிவிடும்.

இந்த விலை நியாயமா? சில கட்டைகளுக்கு நியாயம், சிலவற்றுக்கு இல்லை. எது எந்த வகை என்று பிரித்தறியத்தான் இந்த அத்தியாயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைவேலை மரப்பொருளின் விலையில் மரத்தின் பங்கு மிகச் சிறியது. பணம் போவது செய்பவரின் நேரத்துக்கு. ஆகவே அளவுக்கும் பூச்சுக்கும் தாராளமாகக் கொடுங்கள். மரத்தின் பெயருக்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் ஊரில் மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்கிறார்கள். நம்பர் பேட் இல்லாத, டிகேஎல் எனப்படும் கீபோர்டுக்கான கைதாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 360 மில்லிமீட்டர், அகலம் 80, கனம் 18. ஒரு கன அடி மரத்தில் இது ஏறக்குறைய 55-இல் ஒரு பங்குதான். தேக்கு கன அடி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கட்டைக்குள் இருக்கும் மரத்தின் மதிப்பு சுமார் 90 ரூபாய். அறுப்பிலும் இழைப்பிலும் போகும் தூள், கணு இருப்பதால் ஒதுக்கும் பகுதி எல்லாவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 180 ரூபாய். கன அடி 8,000 ரூபாய் மரமாகவே இருக்கட்டும், 300 ரூபாயைத் தொடாது.

இனி வேலையைப் பாருங்கள். குவியலில் தேடி ரேகை நேராக ஓடும் துண்டை எடுக்க வேண்டும். மேலும் கீழும் மட்டமாக இழைத்து, மூலைமட்டம் வைத்துப் பக்கங்களைச் சரிசெய்ய வேண்டும். கைப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும், விளிம்பு உருள வேண்டும். பிறகு உப்புத்தாள். 120-ஆம் எண்ணில் தொடங்கி 180, 220 என்று போய், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட வேண்டும். அப்போது அமுங்கிக் கிடந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 320-ஆல் மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். இந்தத் துடைப்பைத் தவிர்த்துவிட்டுப் பூச்சு போட்ட கட்டை கடையில் வழுவழுப்பாகத்தான் இருக்கும். வாங்கிய சில வாரங்களில் கை வியர்வை பட்டுச் சொரசொரப்பாகிவிடும். பூச்சு ஒவ்வொரு கையும் காய ஒரு நாள், மூன்று கை என்றால் மூன்று நாள். அந்த நாள்களில் ஆசாரி வேறு வேலை பார்க்கலாம், ஆனால் தூசி படாத இடம் ஒன்று அந்தக் கட்டைக்காகவே காத்திருக்க வேண்டும்.

கையில் பிடித்துச் செய்யும் நேரத்தை மட்டும் கூட்டினால் சுமார் நான்கு மணி. நாள் கூலி 1,200 ரூபாய் என்றால் அரை நாளுக்கு 600. உப்புத்தாள், எண்ணெய், அடியில் ஒட்டும் ரப்பர் கால்கள் என்று ஒரு 150. மரத்தோடு சேர்த்து 930 ரூபாய். பட்டறை வாடகை, மின்சாரம், தேய்ந்த உளியும் பிளேடும், கடைசி நேரத்தில் வெடிப்பு தெரிந்து தூக்கிப்போட்ட துண்டு, பெட்டி, கூரியர், வரி ஆகியவை இதன் மேல் வர வேண்டும். செய்தவர் வீட்டுக்கும் ஏதாவது எடுத்துப் போக வேண்டும். அளவெடுத்துச் செய்த தேக்குக் கட்டைக்கு ஒருவர் 2,000 ரூபாய் கேட்டால் பேரம் பேச வேண்டாம் என்பேன். அதே சாதாரணத் தேக்கு, அதே எளிய வடிவம், 5,000 ரூபாய் என்றால் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

500, 600 ரூபாய்க்கும் மரக் கைதாங்கி கிடைக்கிறதே என்றால், அது மோசம் என்று அர்த்தமில்லை. ஒரே அளவை சிஎன்சி எந்திரத்தில் ஏற்றி நூற்றுக்கணக்கில் கடைந்தால் ஒரு துண்டின் மேல் விழும் நேரம் சில நிமிடங்கள்தான். மூங்கில் பட்டைகளையோ ரப்பர் மரத்தையோ ஒட்டுப் பலகையாக்கிச் செய்வார்கள். உங்கள் கீபோர்டு பொது அளவில் இருந்தால் இவையே போதும். சிக்கனம் எங்கே நடந்திருக்கும் என்று தெரிந்து பாருங்கள். இரண்டு நுனிகளிலும் நாரின் குறுக்குவெட்டு தெரியும் முகத்தைத் தடவுங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த இரண்டு இடங்களிலும் பூச்சு இருந்தால் நல்ல பொருள். அடிப்பக்கம் பச்சையாக விடப்பட்டிருந்தால் மரம் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து, ஒரு மழைக்காலத்தில் ஓடுபோல் வளைந்துவிடக்கூடும்.

மரமே விலையைத் தூக்கும் இடங்களும் உண்டு. மரமுண்டுகளின் சுழல்ரேகைத் துண்டுகளை வெற்றிடத்தில் வைத்துப் பிசின் ஏற்றி, சூட்டில் இறுக்கிச் செய்யும் கட்டைகள், பாதி மரமும் பாதி எபாக்ஸியுமாக வார்த்தவை ஆகியவற்றில் பொருள் செலவும் அதிகம், உடைந்து வீணாவதும் அதிகம். அழகுக்காக வாங்குகிறீர்கள் என்று தெரிந்தே வாங்குங்கள். உள்ளங்கைக்கு அவை கூடுதலாக எதுவும் தருவதில்லை.

மரத்துக்கு முன் அளவு

மெக்கானிக்கல் கீபோர்டுகளில் ஒரு விசையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை பெரும்பாலும் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். 1985-இல் வந்த ஐபிஎம் மாடல் எம் முதல் இன்று விற்பவை வரை இந்த இடைவெளி அநேகமாக மாறவில்லை. உங்களுக்கு இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. கீபோர்டை மாற்றினாலும் அதே வகை அமைப்பில் வாங்கும்வரை பழைய கட்டை பொருந்தும்.

60 சதவீத கீபோர்டின் விசைப்பரப்பு 15 விசை அகலம், சுமார் 286 மில்லிமீட்டர். அதற்கு 290 முதல் 300 வரை நீளமுள்ள கட்டை வேண்டும். 65, 75 சதவீத வகைகள் 16 விசை அகலம், அவற்றுக்கு 310 முதல் 320. டிகேஎல் 348 வருகிறது, 360 கட்டை. நம்பர் பேடோடு கூடிய முழு கீபோர்டுக்கு 440. இவை வழக்கமான அளவுகள். பெட்டியின் விளிம்பு தடிப்பான கீபோர்டுகளும் உண்டு என்பதால் உங்கள் மேசையில் இருப்பதை ஸ்கேல் வைத்து அளந்தே ஆர்டர் கொடுங்கள். எந்த வகை உங்களுக்கு நிலைக்கும் என்று இன்னும் முடிவாகவில்லையானால் டிகேஎல் நீளத்தில் செய்யுங்கள். சிறிய கீபோர்டுக்கு அது சற்றே நீண்டு தெரியும், அவ்வளவுதான்.

உயரம்தான் முக்கியம், பெரும்பாலானோர் கவனிக்காததும் அதைத்தான். மேசையிலிருந்து கீபோர்டு பெட்டியின் முன்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். கட்டையின் கீபோர்டுப் பக்க உயரம் அதற்குச் சமமாகவோ ஓரிரு மில்லிமீட்டர் கூடவோ இருக்கலாம். ஸ்பேஸ் பாரின் மேல்தளத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் கை சரியாக அமரும். அகலம் குறைந்தது 3.8 சென்டிமீட்டர் வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் கணினி மேசை வழிகாட்டுதல் சொல்கிறது. மரத்துக்கு 70 முதல் 90 மில்லிமீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

அதே வழிகாட்டுதல் சொல்லும் இன்னொன்றைக் கட்டாயம் பின்பற்றுங்கள். தட்டச்சு செய்யும்போது கை கட்டையின் மேல் பதிந்திருக்கக் கூடாது, சுதந்திரமாக நகர வேண்டும். இடையிடையே ஓய்வெடுக்கும்போது உள்ளங்கையின் அடிச்சதை கட்டையில் படலாம். மணிக்கட்டின் அடிப்பக்கம் ஒருபோதும் படக் கூடாது. நரம்பும் தசைநாண்களும் ஓடும் குறுகலான வழி அது. மரத்துக்கு மெத்தையின் நெகிழ்ச்சி கிடையாது, அந்த இடத்தில் அழுத்தினால் அழுத்தம் நேராக உள்ளே இறங்கும். கை மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற தொந்தரவு ஏற்கெனவே உள்ளவர்கள் கட்டை வாங்கப் போகும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. அட்டைப்பெட்டியை வெட்டி அடுக்கி, நீங்கள் நினைத்த உயரத்துக்கு ஒரு போலிக் கட்டை செய்து, துணி சுற்றி ஒரு வாரம் பயன்படுத்துங்கள். உயரம் அதிகமா குறைவா என்று கையே சொல்லிவிடும். செலவில்லாத இந்த ஒரு வாரம் பல ஆயிரம் ரூபாய்த் தவறுகளைத் தடுக்கும்.

எந்த மரம்

கீபோர்டு ஆர்வலர்களிடம் முதல் பெயர் அமெரிக்கக் கறுப்பு வால்நட். கறுப்பு, சாம்பல் நிற கீகேப்களோடு அதன் சாக்லேட் பழுப்பு மிக அழகாகச் சேரும், உண்மைதான். ஆனால் இந்தியாவுக்கு அது இறக்குமதி மரம். நிறத்துக்காகத்தான் வேண்டும் என்றால் வாகையைப் பாருங்கள். மர வணிகத்தில் கிழக்கிந்திய வால்நட் என்றே அதை விற்றிருக்கிறார்கள். வைரம் பாய்ந்த பகுதி கரும்பழுப்பு, இடையிடையே கோடுகள். இழைக்கும்போது பறக்கும் தூள் தும்மலைக் கிளப்பும் என்பதால் ஆசாரி முகத்தைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். அசல் வால்நட் குடும்பத்து மரமே வேண்டுமென்றால் காஷ்மீர் இருக்கிறது. ஸ்ரீநகரின் மரச்செதுக்குக் கலைஞர்கள் காலங்காலமாகக் கையாள்வது அக்ரோட் எனப்படும் வால்நட் மரத்தைத்தான்.

பூவரசும் நல்ல தேர்வு. சிவப்போடிய பழுப்பு நிறம், நெருக்கமான நார், கைக்கு இதமான வழுவழுப்பு. மாமரம் மலிவு, ஆனால் புழு வைக்கும். மருந்தூட்டிப் பதப்படுத்தியது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். தேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறி இறங்கும்போது மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே நகரும். அதிலுள்ள இயற்கை எண்ணெய் மட்டும் பூச்சைச் சரியாகப் பிடிக்கவிடாது. தின்னரால் துடைத்துவிட்டு உடனே பூசினால் அந்தச் சிக்கல் தீரும்.

தோதகத்தி எனப்படும் ஈட்டி மரத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் பேரினமான டால்பெர்ஜியா ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. 2019-இல் செய்த திருத்தம் 10 கிலோ வரையிலான முடிந்த பொருள்களுக்கு விலக்கு அளித்தாலும், அறுபடும் மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விற்பவர் ரசீது காட்ட முடியாத ஈட்டியை வாங்க வேண்டாம். கறுப்பாக இருக்கும் கட்டையெல்லாம் கருங்காலி என்றும் நம்ப வேண்டாம். அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், துணி கறுத்தால் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

என் முதல் தேர்வு இவை எதுவும் இல்லை, பழைய மரம். செட்டிநாட்டு வீடுகளுக்காகக் கப்பலில் வந்த பர்மா தேக்கு, வீடுகள் இடிபடும்போது தூணாகவும் நிலையாகவும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறது. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், உலர்ந்து சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. முழுத் தூணுக்கு விலை உண்டு, உடைந்த சட்டத்துக்கும் நிலைத்துண்டுக்கும் பெரிதாகக் கிடையாது. கைதாங்கிக்குத் துண்டே போதும். உள்ளே பழைய ஆணி இருக்கும் என்பதை மட்டும் ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு முறிந்த ஆணி அவர் பிளேடைக் காலி செய்துவிடும்.

ஆசாரியிடம் கேட்பது

சிலர் நேராகக் கீபோர்டையே தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போகிறார்கள். அது சரியான வழிதான். ஆனால் அளவைத் தாளிலும் எழுதிக்கொண்டு போங்கள். பேச்சு இப்படிப் போகும்:

“அண்ணே, இந்தக் கீபோர்டுக்கு முன்னாடி கை வைக்க ஒரு கட்டை வேணும். தேக்குத் துண்டு ஏதும் கிடக்கா?”

“துண்டு கிடக்கு தம்பி. நீளம் எவ்வளவு?”

“முன்னூத்தி அறுபது மில்லி. அகலம் எண்பது, கனம் பதினெட்டு.”

“கனம் ஆறு நூல் பலகையா இருக்கு. இழைச்சா பதினெட்டு வந்துரும். மேல வார்னிஷ் அடிச்சுரலாமா?”

“வார்னிஷ் வேணாம்ணே, எண்ணெய் மட்டும் போதும். அடிப்பக்கமும் பூசணும். என் பக்கம் ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவா இறக்கிக் குடுங்க.”

ஆறு நூல் என்பது முக்கால் அங்குலம். மில்லிமீட்டர் ஸ்கேல் பட்டறையில் இருந்தாலும் அவர் கை நூல் கணக்கில்தான் ஓடும், ஆகவே இரண்டையும் எழுதிக் கொடுங்கள். வைரப்பகுதி வேண்டும், வெள்ளை கலக்கக் கூடாது என்று சொல்லுங்கள். ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். மரம் நீளத்தில் அநேகமாக அசைவதில்லை, அகலத்தில்தான் அசையும். சதா ஏசி ஓடும் அறைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே 80 மில்லிமீட்டர் அகலத் தேக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மாறலாம். கட்டையின் அடியில் இரும்புப் பட்டையோ கண்ணாடியோ இறுக்கி ஒட்டச் சொல்லாதீர்கள். நகர இடமில்லாத மரம் வெடிக்கும்.

கதவும் கட்டிலும் செய்பவருக்கு இது சில்லறை வேலை. பெரிய வேலைகளுக்கு நடுவே அவசரப்படுத்தினால் உப்புத்தாளில்தான் குறையும். இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள், கூலியை முன்பே பேசிவிடுங்கள், பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள்.

பூச்சு

நம் ஊர் மரச்சாமான்களில் அதிகம் காண்பது மெலமைன் பாலிஷ். பளபளக்கும், வியர்வையைத் தாங்கும். வாடை போகச் சில நாள் ஆகும். பாலியூரித்தேனும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டிலும் மரத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு படலம் இருக்கிறது, சென்னை வெயிலில் உள்ளங்கை அதில் ஒட்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் பார்க்க மிக அழகு, கைதாங்கிக்குப் பொருந்தாது. ஆல்கஹாலில் அது கரையும் என்பதால், சானிடைசர் தடவிய ஈரக் கையை வைத்தாலே தடம் விழும்.

கைப்படும் மரத்துக்கு நான் சொல்வது எண்ணெயும் தேன்மெழுகும். ஆளிவிதை எண்ணெய் என்றால் பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும். பாயில்டு லின்சீட் ஆயில் என்று டின்னில் வருவதில் உலர்த்திகள் சேர்ந்திருக்கும், ஒரு நாளில் காயும். மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத எண்ணெய் பிசுக்காகவே நின்றுவிடும். மூன்று கை போதும். வருடத்துக்கு ஒருமுறை மறுபடி ஒரு கை பூசினால் பல ஆண்டு ஓடும்.

வீட்டில் நீங்களே பூசுவதானால் இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மரப்பெட்டியும் மரக்கீகேப்பும்

கைதாங்கியோடு ஆசை நிற்காதவர்களுக்காக. 60 சதவீத கீபோர்டுகளில் டிரே மவுண்ட் எனப்படும் வகையில் திருகு துளைகள் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. அதனால் ஒன்றின் பெட்டியைக் கழற்றி மரப்பெட்டி மாட்டலாம். மரப்பெட்டி கிடைப்பதும் அதிகம் இந்த அளவில்தான். விலை கைதாங்கியைப் போலப் பல மடங்கு, காரணமும் நியாயமானது. ஒரே கட்டையின் உள்ளே குடைந்து, யுஎஸ்பி துளைக்குக் கனம் குறைத்து, திருகுக்குப் பித்தளை மறை பதிக்க வேண்டும். பித்தளை இல்லாமல் மரத்திலேயே திருகும் பெட்டியை வாங்காதீர்கள், நாலைந்து முறை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். சத்தம் பிளாஸ்டிக் பெட்டியைவிட அடங்கி, கனத்து வரும். அது எனக்கு மிகவும் பிடித்த சத்தம்.

மரக்கீகேப்பை முழு கீபோர்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செர்ரி எம்எக்ஸ் வகை சுவிட்சின் தலையில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலமுள்ள கூட்டல் குறி இருக்கிறது. அதைக் கவ்வும் குழியை மரத்திலேயே குடைந்தால் சுவர் மெலிந்து, கழற்றும்போது நார்வாக்கில் பிளக்கும். பிளாஸ்டிக் குழி பதித்தவை தாங்கும். எஸ்கேப் விசைக்கு ஒன்று, என்டருக்கு ஒன்று போதும்.

முன்பணம் கொடுக்கும் முன்

இந்தப் பொழுதுபோக்கில் குரூப் பை என்ற முறை பரவலாக இருக்கிறது. வாங்குவோரிடம் முதலில் பணம் வசூலித்து, எண்ணிக்கை சேர்ந்த பிறகு தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுப்பார்கள். பொருள் வர மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. சில நேரம் வராமலே போகிறது. அச்சு வார்க்க வேண்டிய கீகேப்புக்கு இந்த முறையில் அர்த்தம் உண்டு. ஒற்றை ஆள் பட்டறையில் செய்யும் மரக்கட்டைக்கு முழுப்பணமும் முன்கூட்டியே கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. மரம் வாங்க மூன்றில் ஒரு பங்கு முன்பணம், பூச்சுக்கு முன்னும் பின்னும் புகைப்படம், அனுப்பும்போது மீதி என்று பேசுங்கள். நல்ல பட்டறைக்காரர் மறுக்க மாட்டார்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கூரியரும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். மரம் கனம் என்பதால் அந்தக் கூரியர் தொகையும் பெரிது. விற்பவரிடம் எடையைக் கேட்டுக் கணக்குப் போட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

கட்டை வீட்டுக்கு வந்ததும் உடனே ரப்பர் கால்களை ஒட்டிவிட வேண்டாம். இரண்டு வாரம் உங்கள் அறையிலேயே, நாலாப் பக்கமும் காற்றுப் படும்படி குறுக்கே இரண்டு பென்சில் கொடுத்து வையுங்கள். பிறகு கண்ணாடி மேசை மேல் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். தாள் கன அளவுக்கு ஆடினால் கவலையில்லை, ரப்பர் காலே அதை ஈடுகட்டும். ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு ஆடினால் மரம் சரியாகக் காயவில்லை. படமெடுத்துச் செய்தவருக்கு அனுப்பி, மாற்றித் தரக் கேளுங்கள்.